லேபர் ரூமில் உங்கள் பேச்சும் எடுபட: கோலாலம்பூரில் பிரசவத்துக்குத் தயாராகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரசவ வலியில் இருக்கும் பெண்ணால் உட்கார்ந்து வாதாட முடியாது. ஒரு வலி போய் அடுத்த வலி வருவதற்குள் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதில் மூச்சு வாங்குவதா, "இந்த ஊசி எதற்கு டாக்டர்?" என்று கேட்பதா? லேபர் ரூமில் நம் பேச்சு எடுபட வேண்டுமானால், பேச வேண்டியதில் பெரும்பகுதியைப் பல வாரங்களுக்கு முன்பே, சரியான ஆளிடம் பேசி முடித்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த முன்வேலையைப் பற்றித்தான்.

மருத்துவமனையை எதிரியாக நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். சத்தம் போட்டு ஜெயிப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. நம் உடம்பில் என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்து, சம்மதித்தோ மறுத்தோ பிள்ளை பெறுவது, அவ்வளவுதான். உங்கள் கர்ப்பத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால், கீழே சொல்வதில் சில உங்களுக்குப் பொருந்தாது. எது பொருந்தாது என்பதை உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

முதல் படி: எங்கே பெற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?

அரசாங்க ஆஸ்பத்திரி என்றால், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) பதிந்து, பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) வாங்கி, மாதாமாதம் போய் வந்து, கடைசியில் கம்போங் பாரு பக்கம் இருக்கும் துங்கு அசிசா மருத்துவமனை, அம்பாங், செலாயாங் என்று அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போவோம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும், செராஸில் இருக்கும் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் போதனா மருத்துவமனைகள். அங்கே மருத்துவ மாணவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. இன்னொரு வழி, தனியார்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காசோ ஏர்கோனோ இல்லை. அரசாங்கத்தில், ஏழாம் மாதம் கிளினிக்கில் உங்களிடம் பேசிய டாக்டர் லேபர் ரூமில் இருக்க மாட்டார். அன்றைக்கு யார் ஷிஃப்டோ அவர்கள்தான். சாதாரணப் பிரசவத்தை மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற மிஸ்ஸிமார்களே, அதாவது நர்ஸுகளே, பார்த்துவிடுவார்கள். ஏதாவது மாறினால் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) வருவார், அப்புறம் ஸ்பெஷலிஸ்ட். ஆகவே அங்கே வாயால் பேசி வைத்தது போய்ச் சேராது, தாளில் எழுதி வைத்த விருப்பப் பட்டியல்தான் போய்ச் சேரும்.

தனியாரில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பெஷலிஸ்டே வந்து பிரசவம் பார்ப்பார். அங்கே அவருடைய பழக்கம்தான் உங்கள் பிரசவம். அவர் எல்லாருக்கும் பிறப்புவழியை வெட்டித் தையல் போடுகிறவர் என்றால், நீங்கள் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும் கை வழக்கப்படிதான் போகும். அதனால் தனியாருக்குப் போகிறவர்கள் டாக்டரைப் பேட்டி எடுக்கத் தயங்கக் கூடாது. முதல் பிள்ளைக்காரிகளில் எத்தனை பேருக்கு வெட்டுகிறீர்கள்? வலி வராமல் இருந்தால் எந்த வாரம் வரை பொறுப்பீர்கள்? நீங்கள் லீவில் இருந்தால் யார் வருவார்? கணவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் வரலாமா? இதற்கெல்லாம் "அதை நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்பதே பதிலாக வந்தால், 30 வாரத்துக்குள் வேறு டாக்டரைத் தேடுங்கள். 36 வாரத்துக்கு மேல் புதிதாக ஏற்றுக்கொள்ள யோசிப்பார்கள்.

பேக்கேஜ் விலையை எழுத்தில் வாங்குங்கள். எபிடூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி), குழந்தை டாக்டர் கட்டணம், அவசர சிசேரியன் ஆனால் எவ்வளவு, இவையெல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் (மருத்துவக் காப்புறுதி) சாதாரணப் பிரசவத்துக்குப் பணம் கட்டுவதில்லை. நடு இரவில் காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் கணவரால் உங்களுக்காகப் பேச முடியாது.

இரண்டாம் படி: எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவப் பராமரிப்புக்கென்று 56 பரிந்துரைகள் வெளியிட்டது. நாம் "கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று தயங்கும் பல விஷயங்கள் அதில் சாதாரணமாக இருக்கின்றன. நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன்.

துணை: பெண் தேர்ந்தெடுக்கும் ஒருவர் வலி முழுக்கக் கூட இருக்கலாம் என்பது பரிந்துரை. 26 ஆய்வுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2017இல் வந்தது. விடாமல் ஒருவர் துணைக்கு இருந்த பெண்களுக்கு சிசேரியனும் வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இதை எழுதுங்கள்.

அசைவும் படுக்கையும்: சிக்கல் இல்லாத பிரசவத்தில் நடக்கலாம், நிற்கலாம், உட்காரலாம். கால் இரண்டையும் கம்பியில் தூக்கிவைத்து மல்லாந்து படுத்துத்தான் முக்க வேண்டும் என்று இல்லை. முதுகுப் பக்கம் கட்டிலை உயர்த்திக் கேட்கலாம், ஒருக்களித்துப் படுத்தும் பெறலாம். குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சிடிஜி பெல்ட் கட்டியிருந்தாலும் கட்டிலில் நிமிர்ந்து உட்காரத் தடையில்லை. ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த பெல்ட் விடாமல் இருக்கத் தேவையில்லை, அவ்வப்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டால் போதும். ஆனால் வலி வர வைக்கும் மருந்து டிரிப்பில் ஏறுகிறது, சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறது, பழைய சிசேரியன் தழும்பு இருக்கிறது என்றால் பெல்ட் வேண்டும். அந்த இடத்தில் முரண்டு பிடிக்காதீர்கள்.

சாப்பாடு: ஆபத்து குறைவான பெண்கள் வலியின்போது குடிக்கலாம், சாப்பிடலாம். மைலோவோ கஞ்சியோ கொண்டு போங்கள். ஆபரேஷனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் நிறுத்தச் சொல்வார்கள், அதற்குக் காரணம் உண்டு.

நேரம்: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லாருக்கும் வைக்கக் கூடாது என்கிறது அந்த உலகச் சுகாதார நிறுவன ஆவணம். வலியின் தீவிரக் கட்டம் 5 சென்டிமீட்டரில் தொடங்குவதாக வைத்துக்கொள்கிறது. முக்கும் கட்டம் முதல் பிள்ளைக்கு 3 மணி நேரம் வரை, அடுத்தடுத்த பிள்ளைக்கு 2 மணி நேரம் வரை போகலாம். உள் பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். மாணவர், ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்), எம்.ஓ. என்று மூன்று பேர் அடுத்தடுத்து கை வைக்க வேண்டியதில்லை. "இப்போதுதானே பார்த்தார்கள்?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஆண் டாக்டர் பரிசோதிக்கிறார் என்றால் பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று எழுதலாம், ஆனால் இரவு ஷிஃப்டில் அதற்கு உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள்.

வெட்டும் தையலும்: எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவது பரிந்துரைக்கப்படவில்லை. குழந்தையின் துடிப்பு விழுகிறது, ஆயுதம் (இடுக்கியோ வேக்குவமோ) போட வேண்டியிருக்கிறது என்றால் வேறு கதை. 34, 35 வாரத்திலிருந்து அந்த இடத்தைச் சுத்தமான எண்ணெய் தொட்டுத் தளர்த்திவிடுவது முதல் பிள்ளைக்காரிகளுக்கு உதவும். வயிற்றின் மேல் ஏறி அழுத்திப் பிள்ளையைத் தள்ளுவதை அதே ஆவணம் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. மழிப்பது, எனிமா கொடுப்பது இரண்டும் தேவையில்லை.

வலி நிவாரணம்: முகமூடி வைத்து மூச்சாக இழுக்கும் வாயு, பெத்திடின் ஊசி, எபிடூரல் இவைதான் இங்கே கிடைப்பவை. பெத்திடின் பிள்ளை பிறக்கும் நேரத்துக்கு மிக அருகில் போட்டால் குழந்தை தூங்கி வழியும், மூச்சு மந்தமாகலாம். ஆகவே "இப்போது போட்டால் எத்தனை மணிக்குப் பிறக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்பது நல்ல கேள்வி. அரசாங்க மருத்துவமனையில் எபிடூரல் கிடைப்பது மயக்க மருந்து டாக்டர் அந்த நேரம் கையில் இருப்பதைப் பொறுத்தது. எபிடூரல் கேட்பவர்களை "வலி தாங்கத் தெரியாதவள்" என்று பேசும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

பிறந்தவுடன்: தொப்புள்கொடியை 1 நிமிடத்துக்கு முன் வெட்டாமல் பொறுப்பது, குழந்தையை உடனே மார்பில் வெறும் உடம்போடு போடுவது, முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால், முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளுவது. இங்கே ஜி6பிடி (ஒரு நொதிக் குறைபாடு), தைராய்டு சோதனைக்குக் கொடியிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். பொறுத்து வெட்டினாலும் அதற்குத் தேவையான அளவு கிடைக்கும். கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் நிறுவனத்திடம் பணம் கட்டியிருந்தால், பொறுத்து வெட்டும்போது அவர்களுக்குப் போகும் அளவு குறையும். எனக்கென்றால் அந்த ரத்தம் பிள்ளைக்கே போகட்டும்.

இனி மறுக்க வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்லும் இரண்டு. குழந்தை பிறந்ததும் தாய்க்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி ரத்தப்போக்கைத் தடுக்கிறது. குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசி மூளையில் ரத்தக்கசிவு வராமல் காக்கிறது. "இயற்கையாகப் பெறுகிறோம்" என்ற பேரில் இவற்றைத் தவிர்ப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாம் படி: பிங்க் புத்தகத்தை நீங்களும் படியுங்கள்

ஒவ்வொரு முறையும் புத்தகத்தைக் கொடுத்து வாங்கி ஹேண்ட்பேக்கில் போடுகிறோம், உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அட்டையில் ஒட்டும் நிறம்தான் உங்கள் நிலை. வெள்ளையும் பச்சையும் கிளினிக்கிலேயே பார்க்கலாம் என்பதற்கு. மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நிறம் மாறினால் ஏன் மாறியது என்று அன்றைக்கே கேளுங்கள், ஏனென்றால் நிறத்தோடு உங்கள் விருப்பப் பட்டியலும் மாறும். நம்மவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம். அதற்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பிரசவத் தேதியை முன்னால் இழுப்பார்கள். அது தெரியாமல், "தானா வலி வரும் வரை காத்திருப்பேன்" என்று எழுதிக்கொண்டு போனால் முதல் வரியிலேயே தாள் செல்லாக்காசு.

32 வாரத்துக்குப் பிறகு வரும் செக்கப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்? அங்கே லேபர் ரூமுக்குள் கணவரை விட என்ன நிபந்தனை? கர்ப்பிணிகளுக்கான வகுப்பு எப்போது? சில மருத்துவமனைகள் அந்த வகுப்புக்குக் கணவர் வந்திருந்தால்தான் உள்ளே விடும், சில இடங்களில் திருமணப் பத்திரம் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம், அதுவும் அவ்வப்போது மாறும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சொன்னதை நம்பாமல் மருத்துவமனைக்கே போன் போடுங்கள். கணவர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த மனைவி என்றால் கட்டண விதியையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு பக்கம், மலாயில்

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் படிவங்கள் நான்கு பக்கம் இருக்கும். மங்கிய விளக்கு, சங்கீதம், வாசனை எண்ணெய் என்று எல்லாம் அதில் உண்டு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எந்த மிஸ்ஸியும் அதைப் படிக்க மாட்டார். ஒரு பக்கம், பெரிய எழுத்து, மலாயில், அதிகம் போனால் எட்டு வரி.

மேலே பெயர், வாரம், ரத்த வகை, அலர்ஜி, கணவரின் போன் எண். அடுத்து ஒரு நல்ல வரி: உங்கள் உதவிக்கு நன்றி, அவசரம் என்றால் உங்கள் முடிவை நம்புகிறோம், முடிந்தவரை முதலில் விளக்குங்கள். இந்த வரி காக்கா பிடிப்பது இல்லை. இதைப் பார்த்ததும் படிக்கிறவரின் தோள் இறங்கும், மீதி வரிகளுக்குக் காது கிடைக்கும். அதற்குக் கீழே உங்களுக்கு நிஜமாகவே முக்கியமானவை மட்டும். எட்டில் மூன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எல்லாமே தடித்த எழுத்தென்றால் எதுவும் கண்ணில் படாது.

"சிசேரியன் ஆனால்" என்று கடைசியில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும்: கணவர் உள்ளே வர அனுமதி, குழந்தையை மார்பில் போடுவது, நான் தியேட்டரில் இருக்கும்போது குழந்தையோடு யார் இருப்பார்கள். இதை எழுதினால் சிசேரியன் வந்துவிடும் என்று பயப்படும் மாமியார்கள் உண்டு. எழுதாவிட்டாலும் வருவது வரும், வரும்போது நம்மிடம் பதில் இருக்காது.

36 வாரச் செக்கப்பில் டாக்டரிடம் காட்டி, அவர் முடியாது என்று சொல்வதை அடித்துவிட்டு, ஒத்துக்கொண்டதற்குப் பக்கத்தில் கையெழுத்தோ குறிப்போ கேளுங்கள். கொடுத்தால் அது தங்கம். ஒரு நகல் பிங்க் புத்தகத்தில் ஒட்டி, இன்னொன்று கணவர் சட்டைப்பையில், மூன்றாவது ஆஸ்பத்திரிப் பையில்.

ஐந்தாம் படி: உங்கள் வாயாக யார் இருப்பார்?

பெரும்பாலும் கணவர்தான். ஆனால் எல்லாக் கணவரும் அதற்கு ஏற்றவர் இல்லை. ரத்தம் பார்த்தால் தலைசுற்றுகிறவரும், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே "சரிங்க டாக்டர்" என்கிறவரும் இருக்கிறார்கள். அப்படியானால் அக்காவோ சித்தியோ வரலாமா என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். டூலா (பிரசவத் துணைப் பெண்) வைத்துக்கொள்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர் தைரியம் சொல்வார், முதுகு நீவுவார், மருத்துவ முடிவு எடுக்க மாட்டார். கணவரோடு சேர்த்து அவரையும் உள்ளே விடுவார்களா என்பது வேறு கேள்வி, பெரும்பாலும் ஒருவருக்குத்தான் இடம்.

வேலை செய்யும் கணவருக்கு ஒரு தகவல். 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின்படி தந்தைக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, தாய்க்கு 98 நாள். ஆனால் தந்தை அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்போ, பிறந்த பிறகு முடிந்தவரை சீக்கிரமோ சொல்ல வேண்டும். முன்பே சொல்லிவிடுவதுதான் நல்லது.

அரசாங்க மருத்துவமனையில் வலி ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்வரை உங்களை வாட்டில் வைப்பார்கள். அங்கே பார்வையாளர் நேரம் தவிர கணவருக்கு இடம் இருக்காது. லேபர் ரூமுக்கு மாற்றும்போதுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று கிள்ளான் பக்கம் போனவர், திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொள்வது புதிய கதை இல்லை.

வீட்டுக்காரர்களோடும் ஒரு பேச்சு இருக்கிறது, அதை வளைகாப்புக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நல்ல நட்சத்திரத்தில் பிறக்க வேண்டும் என்று நாள் குறித்து சிசேரியன் கேட்பவர்கள் உண்டு. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஜோசியருக்கு இது தெரியாது, டாக்டருக்குத் தெரியும். பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைப்பதும் அப்படித்தான். தேனிலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான நச்சுநோய் வரலாம். "எங்க காலத்துல எல்லாம்" என்று அத்தை ஆரம்பித்தால், "டாக்டர் திட்டுவாங்க அத்தை" என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடி வளையலைப் பெருவலி எடுக்கும் முன் கழற்றிவிடுங்கள், ஊசி குத்துவது அந்தக் கையில்தான். நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு இடைஞ்சல். தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தால் உலோகம் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முன்பே வெறும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, அதை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டு வைக்கலாம்.

ஆறாம் படி: அந்த அறைக்குள்

ஏதாவது செய்யப் போகிறோம் என்று சொன்னால், கணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இது அவசரமா? "இனி கெச்செமாசான் கெ, டாக்டர்?" ஆமாம் என்றால் வழி விடுங்கள். கொடி முன்னால் சரிந்துவிட்டாலோ, குழந்தையின் துடிப்பு விழுந்து ஏறாமலே இருந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ நிமிடம்தான் கணக்கு. விளக்கம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அவசரம் இல்லை என்றால் அடுத்தவை. "கெனாபா பெர்லு?" (ஏன் தேவை?) "அடா ச்சாரா லாயின்?" (வேறு வழி உண்டா?) "காலாவ் துங்கு செஜாம், அப்பா ரிசிக்கோ?" (ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆபத்து?) அப்புறம், "போலே பெரி காமி லீமா மினிட்?" அந்த ஐந்து நிமிடத்தில் இருவரும் தமிழில் பேசி முடிவெடுக்கலாம். இவற்றைக் கணவர் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மலாய் நன்றாக வருகிறவருக்கும் பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்கும் தொனி முக்கியம். "மிஸ்ஸி" என்று கூப்பிட்டு, பெயர் அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்களை யாராவது அதட்டினால், "கத்தாதே, பெறும்போது தெரியவில்லையா" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். கணவர் வெளியே போய் அந்த ஷிஃப்டின் சிஸ்டரை (மிஸ்ஸிமார்களின் மேலதிகாரி) கூப்பிட்டு, வேறு மிஸ்ஸி பார்க்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்கட்டும்.

சம்மதம் உங்களுடையது. வயதுவந்த பெண்ணின் பிரசவத்துக்கோ சிசேரியனுக்கோ அவளுடைய கையெழுத்துதான் கணக்கு. சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 இறுதியில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பது அதன் சாரம். 2017இல் ஒரு பிரசவ வழக்கிலும் அதையே உறுதி செய்தது. இதை லேபர் ரூமில் எடுத்து விடுவதற்காகச் சொல்லவில்லை. நாம் கேட்பது சலுகை இல்லை என்ற தெம்புக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒன்றை மறுத்தால், சொந்தப் பொறுப்பு என்று ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்கலாம். அது மிரட்டல் இல்லை, பதிவு. படித்துப் பார்த்து, என்ன ஆபத்து சொன்னார்கள், நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்த பிறகு மனம் மாறினால் உடனே சொல்லலாம்.

ஏழாம் படி: "வலி வர வைக்கலாம்", "ஆபரேஷன்தான்" என்று சொன்னால்

அதிகம் தடுமாறுவது இந்த இரண்டில்தான். வலி வர வைப்பது என்றால் மாத்திரை வைப்பது, சிறு பலூன் குழாய் வைப்பது, பனிக்குடத்தை உடைப்பது, டிரிப் ஏற்றுவது என்று பல வழி. அதில் எது, எத்தனை மணி நேரம் பார்ப்பார்கள், பலன் தராவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். தூண்டினாலே சிசேரியனில்தான் முடியும் என்று நம் பெண்கள் பேசிக்கொள்வது அப்படியே உண்மை இல்லை. அமெரிக்காவில் முதல் பிள்ளை பெறும் 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அதில் 39 வாரத்தில் தூண்டியவர்களில் 18.6 சதவீதம் பேருக்கு சிசேரியன் ஆனது, காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். ஆகவே "வேண்டவே வேண்டாம்" என்று பிடிவாதமாக நிற்பதைவிட, எனக்கு ஏன், இப்போது ஏன் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். வெறும் "இன்று சனிக்கிழமை, எனக்கு வசதி" என்பது காரணமாக வந்தால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை.

ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவர்கள் "இனி எப்போதும் ஆபரேஷன்தான்" என்று விட்டுவிட வேண்டாம். கீழ்ப் பக்கம் குறுக்கே போட்ட ஒரே தழும்பு, வேறு சிக்கல் இல்லை என்றால், முயற்சி செய்கிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சாதாரணமாகப் பெற்றுவிடுகிறார்கள். தழும்பு பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200இல் ஒன்று. அது நடந்தால் உடனே ஆபரேஷன் செய்ய ஆளும் ரத்தமும் இருக்கும் இடத்தில்தான் இதை முயல வேண்டும், வீட்டில் இல்லை. அரசாங்கத்தின் பெரிய மருத்துவமனைகளில் இதற்கு வழி செய்வார்கள். தனியாரில் டாக்டருக்கு டாக்டர் வேறுபடும், முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

எட்டாம் படி: குழந்தை வந்த பிறகு

அரசாங்க மருத்துவமனைகள் தாய்ப்பாலுக்கு முதலிடம் கொடுக்கும் கொள்கை உள்ளவை. பால் பாட்டிலும் மாவுப் பாலும் கொண்டு போனால் அவர்களே கேள்வி கேட்பார்கள். தனியாரில் குழந்தையை நர்சரிக்குக் கொண்டுபோய், கேட்காமலே மாவுப் பால் கொடுக்கும் இடங்கள் உண்டு. கொடுக்கக் கூடாது என்பதும், குழந்தை என் அறையிலேயே இருக்கட்டும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை, சர்க்கரை குறைவு என்று மருத்துவக் காரணம் சொன்னால் கேளுங்கள், சண்டைக்கு நிற்காதீர்கள். தொப்புள்கொடித் தாயத்துக்காக ஆஸ்பத்திரியில் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கொடி ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டில்தான் விழும்.

ஒன்பதாம் படி: நினைத்தபடி நடக்கவில்லை என்றால்

டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: ஏன் ஆபரேஷன் ஆனது, தழும்பு எந்த மாதிரி, அடுத்த முறை சாதாரணமாக முயலலாமா? பதிலைப் பிங்க் புத்தகத்திலோ டிஸ்சார்ஜ் தாளிலோ எழுதி வாங்குங்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு மருத்துவமனையில் இதே கேள்விக்குப் பதில் தேடி அலைவதைவிட இது சுலபம். தேவைப்பட்டால் கட்டணம் கட்டி மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மரியாதைக் குறைவு, சம்மதமில்லாமல் செய்தது போன்றவற்றுக்குத் தேதி, நேரம், பெயர் அட்டையில் இருந்த பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நினைவு மங்குமுன் கணவர் எழுதி வைக்கட்டும். அரசாங்க மருத்துவமனை என்றால் அங்கேயே மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார், அல்லது சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையப் புகார் முறையில் பதியலாம். தனியாரில் முதலில் அந்த மருத்துவமனையின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், திருப்தி இல்லை என்றால் அமைச்சுக்கு. டாக்டரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். புகாரில் கோபத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதி, என்ன வேண்டும் என்று கடைசியில் கேளுங்கள்: விளக்கமா, மன்னிப்பா, விதி மாற்றமா? பத்தியம் முடியும் வரை உட்கார்ந்து எழுத முடியாது என்றால் பரவாயில்லை. குறிப்பு மட்டும் கையில் இருந்தால் போதும், புகாரை ஆறின பிறகு எழுதலாம்.